பகடையும் சைக்ளோஸ்டைலும்
விளையாடியோர் நடத்திய சிற்றேடுகளின் வரலாறு

1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து ஒரு சிறு பெட்டி விற்பனைக்கு வந்தது. அதனுள் மெல்லிய மூன்று நூல்கள் இருந்தன. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டின் விதிநூல்கள் அவை. முதற்பதிப்பு 1,000 படிகள் மட்டுமே. மேசையைச் சுற்றி அமர்வோர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்பர். நடுவராக இருப்பவர் நிலவறைகளையும் அரக்கர்களையும் கற்பித்து உரைப்பார். ஐயத்துக்குரிய செயலின் விளைவைப் பகடை முடிவு செய்யும். வென்றோர், தோற்றோர் என்ற முடிவு இதில் இல்லை. கதை வளர்ந்துகொண்டே போகும்.

அந்த மூன்று நூல்களும் முழுமையானவை அல்ல. சண்டைக்குரிய விதிகளை 1971இல் வெளிவந்த ‘செயின்மெயில்’ என்ற வேறொரு நூலில் தேட வேண்டியிருந்தது. வெளிநிலப் பயணத்துக்கோ இன்னொரு நிறுவனத்தின் விளையாட்டுப் பலகையை வாங்குமாறு அறிவுறுத்தப்பட்டது. விடுபட்டவை பல, முரண்பட்டவை சில. எனவே ஒவ்வோர் ஊரிலும் ஆடியவர்கள் இடைவெளிகளைத் தத்தம் கற்பனையால் நிரப்பினர். நிரப்பியதைப் பிறருக்கு எழுதியறிவிக்கவும் விழைந்தனர். இந்த விழைவிலிருந்தே விளையாட்டுச் சிற்றேடுகள் பிறந்தன.

இதற்கான வழி முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. அறிவியல் புனைகதை வாசகர்கள் 1930 முதலே தம் செலவில் சிற்றேடுகள் நடத்திவந்தனர். இவ்வகை ஏடுகளைக் குறிக்கும் ‘ஃபேன்சைன்’ என்ற சொல் 1940இல் வழக்குக்கு வந்தது. அஞ்சல்வழிப் போர் விளையாட்டுக்கென 1963இல் ‘கிராஸ்டார்க்’ என்னும் ஏடு நியூயார்க்கில் தோன்றியது. தட்டச்சுப் பொறி, ஸ்டென்சில் தாள், சைக்ளோஸ்டைல் பொறி, அஞ்சல்தலை ஆகிய நான்கும் கைவசமிருந்தால் எவரும் ஆசிரியராகலாம் என்னும் மரபு அங்கு நிலைபெற்றிருந்தது.

சிற்றேடுகள் வெறும் எதிரொலியாக இருக்கவில்லை என்பதற்குத் ‘திருடன்’ என்னும் பாத்திரமே சான்று. மூல நூல்களில் அப்பாத்திரம் இல்லை. கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில், ஏரோ ஹாபிஸ் என்ற கடையைச் சுற்றி ஆடிய குழுவினர் அதனைக் கற்பித்து, தொலைபேசி வழியே கைகாக்ஸிடம் கூறினர். அவர் அதற்குத் தம் முறையில் வடிவம் கொடுத்து, 1974ஆம் ஆண்டிலேயே ‘கிரேட் பிளெயின்ஸ் கேம் பிளேயர்ஸ் நியூஸ்லெட்டர்’ என்னும் சிற்றேட்டுக்கு அனுப்பினார். நிறுவனத்தின் துணைநூலில் திருடன் இடம்பெற்றது 1975இல்தான். ஆடியவர் கற்பனை ஏட்டில் அச்சாகி, பின்னரே விதியாயிற்று.

இவ்வேடுகளுள் தலையாயது ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’. எலிசபெத் காலத்து நாடகங்களில் போர்க்களச் சந்தடியைக் குறிக்கும் மேடைக் குறிப்பே இதன் பெயர். லாஸ் ஏஞ்சலிஸ் அறிவியல் புனைகதை அன்பர்களின் வாராந்தரக் கூட்டு ஏட்டில் இவ்விளையாட்டைப் பற்றிய பேச்சே பக்கங்களை நிரப்பத் தொடங்கியபோது, அதற்கெனத் தனி ஏடு வேண்டுமென்ற நிலை எழுந்தது. லீ கோல்ட் என்னும் பெண்மணி 1975 ஜூனில் அதனைத் தொடங்கினார்.

அதன் அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. ஒவ்வோர் எழுத்தாளரும் தம் பகுதியைத் தாமே ஒரு சிற்றேடாக அமைத்து அனுப்புவார். ஆசிரியர் அவற்றைத் தொகுத்துத் தைத்து அனைவர்க்கும் அனுப்புவார். சென்ற இதழில் எழுதியோர் ஒவ்வொருவருக்கும் இவ்விதழில் மறுமொழி கூறுவது மரபு. இவ்வாறு மாதந்தோறும் பல குரல்கள் ஒன்றையொன்று மறுத்தும் திருத்தியும் வளர்த்தும் சென்றன.

விளையாட்டு யாருக்குரியது என்ற வினா அங்கேதான் கூர்மை பெற்றது. 1975இல் இவ்வேட்டுக்குக் கைகாக்ஸ் எழுதிய மடல் பெருந்தன்மையானது. எல்லோரும் ஒரே முறையில் ஆடத் தொடங்கினால் விளையாட்டு சலிப்புக்குரியதாகிவிடும் என்பது அதன் கருத்து. மூன்றே ஆண்டுகளில் குரல் மாறிற்று. நிறுவனம் வளர்ந்தது; எங்கும் ஒரே சீரான விதிகள் வேண்டுமென விரும்பியது. 1978இல் நிறுவனத்தின் ‘டிராகன்’ இதழில் எழுதிய கைகாக்ஸ், சிற்றேட்டு எழுத்தைத் தற்பெருமை எழுத்தெனச் சாடினார். இதனை ஒருவரது மனமாற்றம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. படைப்பு வணிகமாகும்போது, அதனை வளர்த்த கைகளே அதற்குப் போட்டியாகத் தோன்றுவது இயல்பு.

சிற்றேடுகளோ தம் பணியைத் தொடர்ந்தன. பாஸ்டன் நகரின் ‘தி வைல்ட் ஹண்ட்’ ஏட்டில் 1980இல் கிளென் பிளேகோ ஆடுவோரை நால்வகைப்படுத்தினார்: பாத்திரத்தில் ஒன்றுவோர், கதை வளர்ப்போர், வலிமை தேடுவோர், போர்த்தந்திரத்தில் மகிழ்வோர். இவ்விளையாட்டைப் பற்றிய தொடக்ககாலத் திறனாய்வுகளுள் இது முதன்மையானது எனலாம். இங்கிலாந்தில் ‘அவுல் அண்ட் வீசல்’ என்ற எளிய செய்தி ஏட்டை 1975இல் தொடங்கிய ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் 1977இல் அதனை ‘ஒயிட் டுவார்ஃப்’ என்னும் அச்சிதழாக வளர்த்தெடுத்தனர். ஸ்டீவ் பெர்ரின், ஜானதன் ட்வீட், ராபின் லாஸ் முதலியோர் ‘அலாரம்ஸ்’ பக்கங்களில் எழுதி, புகழ்பெற்ற விளையாட்டுகளைப் படைத்தவர்களாகவும் விளங்கினர்.

வண்ண அட்டை இதழ்கள் பெருகவே சிற்றேடுகள் பல மறைந்தன. ஆயினும் வரலாறு அத்துடன் முடியவில்லை. விளையாட்டின் உரிமை பெற்ற புதிய நிறுவனம் 2000இல் திறந்த உரிமம் ஒன்றை வெளியிட்டது. அதன் துணையுடன் பழைய விதிகளை விரும்புவோர் அவற்றை மீட்டெழுதத் துணிந்தனர். 2006இல் ‘ஆஸ்ரிக்’ என்னும் மீட்டுருவாக்கம் வெளிவந்தது. 2008இல் ‘ஃபைட் ஆன்!’ என்னும் ஏடு பழைய மரபின் குரலாயிற்று. 2019 முதல் ஆண்டுதோறும் முன்பணம் திரட்டிச் சிற்றேடுகள் வெளியிடும் வழக்கமும் பரவியது. 2023இன் தொடக்கத்தில் நிறுவனம் அத்திறந்த உரிமத்தை மாற்ற முனைந்தபோது ஆடுவோர் கொதித்தெழுந்தனர். ஒரு மாதத்துக்குள் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளைப் பொதுவுரிமத்தின்கீழ் விடுவித்தது. ஐம்பதாண்டுக்கு முந்தைய வினாவுக்கு அது ஒருவகை விடை.

லீ கோல்ட் தம் ஏட்டை 2025 ஏப்ரலில் நிறைவு செய்தார். ஏறத்தாழ அறுநூறு இதழ்கள், ஐம்பதாண்டு உழைப்பு. அவர் விதி வகுத்து எவரையும் ஆளவில்லை. வந்த தாள்களை அடுக்கி, தைத்து, உரியவர்க்கு அனுப்பினார். பலர் பேசுவதற்கு ஓரிடம் இருந்துகொண்டே இருக்குமாறு பார்த்துக்கொண்டார். சிற்றிதழ் நடத்திய எவரும் அப்பணியின் எடையை அறிவர்.