விட்டவன் விழுக்காடு: கொடுத்தவருக்கும் ஒரு பங்கு

கலவானைப் பக்கத் தோட்டம் ஒன்றின் மாரியம்மன் கோயிலுக்குள்ள போனா முதல்ல கண்ணுல படுறது அம்மன் இல்ல, பெயர்கள்தான். மணியில ஒரு பெயர், குத்துவிளக்குல ஒரு பெயர், டியூப் லைட்டுல வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு ஒரு பெயர். எல்லாத்துக்கும் முன்னால 'உபயம்'. எங்க அப்பாயியின் பெயரும் ஒரு மணியில இருக்கு. வேலையை விட்டு நின்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து வாங்கிக் கொடுத்தார். மிச்சப் பணம் இரண்டு வருஷத்துல கரைஞ்சு போச்சு. மணி மட்டும் இன்னும் அடிக்குது.

கம்பஸ்ல இடைக்காலத் தென்னிந்திய வரலாறு படிக்கும்போது இந்த மணி அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது. கோயிலுக்குக் கொடுத்தா கொடுத்ததுதான், அதுல இருந்து ஒன்றையும் திருப்பி எதிர்பார்க்கக் கூடாது என்றுதான் நாம வளர்ந்திருக்கோம். ஆனால் கல்வெட்டுகளை வாசிச்சா கதை அப்படி இல்லை. கொடுத்தவர் தன் பங்கு இன்னது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்திருக்கிறார். அதுவும் வெட்கப்படாமல், கல்லிலேயே.

மேல்நாட்டில் இதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. அமெரிக்க ஓவியர் ஜான் ட்ரம்புல், சுதந்திரப் பிரகடனக் காட்சியை வரைந்தவர். வயதான காலத்தில் கையில் காசில்லை, வீடு நிறைய ஓவியங்கள் மட்டும் இருந்தன. 1831இல் அவற்றை யேல் கல்லூரிக்குக் கொடுத்தார். பதிலுக்கு அவர் உயிரோடு இருக்கும்வரை வருடத்துக்கு 1000 டாலர் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். தானும் மனைவியும் அந்தப் படங்களுக்குக் கீழேயே புதைக்கப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 75. இன்னும் கொஞ்ச நாள்தானே என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் ஏமாந்திருப்பார்கள். மனிதர் 1843 வரைக்கும் இருந்தார். இன்றைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் தேவாலயங்களும் இதே முறையை ஒரு பெரிய ஏற்பாடாகவே நடத்துகின்றன. நீங்கள் சொத்தையோ பணத்தையோ தருமத்துக்குக் கொடுக்கிறீர்கள், நிறுவனம் ஆயுள் முழுக்க உங்களுக்கு வருமானம் தருகிறது, நீங்கள் போன பிறகு மிச்சம் அவர்களுக்கு.

இதை ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச மூளை என்று நினைக்க வேண்டாம். ட்ரம்புலுக்கு முந்நூறு வருடங்களுக்கு முன்பே திருமலையில் இது அன்றாட நடைமுறை.

திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. ஆந்திராவில் இருந்தாலும் பெரும்பாலானவை தமிழில் எழுதப்பட்டவை. 1933இல் தேவஸ்தானக் கமிட்டி அமைந்த காலத்தை ஒட்டி இவை தொகுதிகளாக அச்சில் வந்தன. பெரும்பகுதி விஜயநகரக் காலத்தவை, அதாவது 15, 16ஆம் நூற்றாண்டுகள். அரசர் கொடுத்திருக்கிறார், படைத்தலைவர் கொடுத்திருக்கிறார், வணிகர், ஆச்சாரியர், கோயில் அதிகாரிகள், கோயிலில் ஆடிய பெண்கள் எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள்.

நடைமுறை இப்படித்தான். ஒருவர் கொஞ்சம் பணத்தைக் கோயில் பண்டாரத்தில் கட்டுகிறார், அல்லது ஒரு கிராமத்தின் வருமானத்தை எழுதி வைக்கிறார். கோயிலை நிர்வகித்த ஸ்தானத்தார் அந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. கோயிலுக்குச் சொந்தமான கிராமங்களில், 'திருவிடையாட்டம்' என்று சொல்லப்பட்ட ஊர்களில், ஏரியைத் தூர்வாரவும் கால்வாய் வெட்டவும் செலவழிக்கிறார்கள். தண்ணி வந்தா விளைச்சல் கூடுது. கூடுகிற விளைச்சலில் இருந்து, கொடுத்தவர் பெயரில் தினமுமோ குறிப்பிட்ட திருநாளிலோ பெருமாளுக்குத் தளிகை படைக்க வேண்டும். எத்தனை தளிகை, எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய், எவ்வளவு மிளகு என்று கல்வெட்டு விலாவாரியாகப் பட்டியல் போடும். அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, தோசைப்படி, சுகியன் என்று வாசிக்க வாசிக்கப் பசி வரும். (ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தக் கல்வெட்டுகளை வாசிக்க வேண்டாம் என்பது என் சொந்த அனுபவம்.)

படைத்த பிறகு அது பிரசாதம். அதில் நாலில் ஒரு பங்கு, உபயம் கொடுத்தவருக்கு. இருபது தளிகை படைத்தால் ஐந்து அவருடையது. இந்தப் பங்குக்குப் பெயர்தான் 'விட்டவன் விழுக்காடு'. விட்டவன் என்றால் கொடுத்தவன், விழுக்காடு என்றால் பங்கு. இன்று வீதம் என்று நாங்க சொல்றதைத் தமிழ்நாட்டில் விழுக்காடு என்று எழுதுகிறார்கள் இல்லையா, அதே சொல்தான். மீதி முக்கால் பங்கு ஸ்தானத்தாருக்கும் கோயில் பணியாளர்களுக்கும் மற்றவர்களுக்குமாகப் பிரியும்.

அந்தக் கால்பங்கை ஒருவர் தானே சாப்பிடலாம். உறவினருக்கு விடலாம், ஒரு மடத்துக்கு எழுதி வைக்கலாம். சாளுவ நரசிம்மர் போன்ற பெரிய ஆட்கள் தங்கள் பங்கை இராமானுஜகூடங்களுக்கு விட்டார்கள். கந்தாடை இராமானுஜ ஐயங்கார் நடத்திய அந்தச் சத்திரங்களில் யாத்திரை வந்தவர்களுக்கு அது இலவசச் சாப்பாடாகப் போனது. இதெல்லாம் வேண்டாம் என்றால் விற்கலாம். பிரசாதப் பங்குகளை வாங்கி மலைக்கு வரும் பக்தர்களுக்கு விற்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அப்படியென்றால் கோயிலில் போட்ட பணம், பிரசாதம் என்ற வழியாகச் சுற்றி, காசாகவே திரும்பி வருகிறது. வருஷா வருஷம்.

பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தப் பண ஓட்டத்தைத்தான் பின்தொடர்ந்தது. கோயில் என்பது சாமி கும்பிடும் இடம் மட்டுமல்ல, நீர்ப்பாசனத்துக்கு முதல் போடும் நிறுவனமும்கூட என்று அவர் காட்டினார். கோயில் பொருளாதாரம் பற்றிப் பேசுகிற யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் எனக்கு ஏரியை விட அந்தக் கால்பங்குதான் முக்கியமாகப் படுகிறது. ஏரி வெட்டியது அரசியல், பொருளாதாரம். கால்பங்கு ஒரு மனிதரின் முதுமை.

ட்ரம்புலின் ஒப்பந்தத்துக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. யேல் அவர் சாகும்வரை மட்டுமே கொடுத்தது. அந்த மாதிரி ஏற்பாட்டில் கொடுத்தவர் நீண்ட நாள் இருந்தால் நிறுவனத்துக்கு நட்டம், சீக்கிரம் போனால் லாபம். இங்கிலாந்தின் இடைக்கால மடாலயங்கள் இதில் கையைச் சுட்டுக்கொண்டன. மொத்தப் பணத்தையோ நிலத்தையோ வாங்கிக்கொண்டு ஆயுள் முழுக்க ரொட்டியும் பியரும் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். வாங்கிய பணம் உடனே செலவாகிவிடும், சாப்பிடுகிறவர் மட்டும் சாகமாட்டார். திருமலையில் பங்குக்கு ஆயுள் வரம்பே இல்லை. பிள்ளை, பேரன் என்று 'சந்திராதித்தவரை' போக வேண்டும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை. அப்படி ஒரு வாக்குறுதியைக் கொடுக்க வேண்டுமென்றால் முதலைத் தொடவே கூடாது, அது விளைந்துகொண்டே இருக்க வேண்டும். பணத்தை ஏரியில் போட்டதன் தர்க்கம் இதுதான்.

சோழர் காலத்திலேயே இந்த யோசனை இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு கணக்கு. ஆடுகளை இடையர்களிடம் விட்டுவிடுவார்கள், அவர்கள் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு சாகும், குட்டி பிறக்கும், எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதனால் அவற்றுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. முதல் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பொருளியல் பாடநூலிலும் பார்த்ததில்லை. அதே கோயில் பணத்தைக் கிராம சபைகளுக்குக் கடனாகவும் கொடுத்தது. வட்டி காசுக்கு அரைக்கால் காசு, அதாவது வருடத்துக்கு 12.5 வீதம்.

இப்போ ஒரு கேள்வி வரும். திருப்பி வாங்கிக்கொண்டு கொடுப்பது தானமா, வியாபாரமா? வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது பாதிப் பேர் வியாபாரம் என்றுதான் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோழர் காலக் கோயில் பெண்களைப் பற்றி லெஸ்லி ஓர் எழுதிய புத்தகம் 2000இல் வந்தது. அந்தப் பெண்கள் பலர் கோயிலுக்குப் பொன்னோ நிலமோ கொடுத்துத்தான் தங்கள் இடத்தைப் பெற்றார்கள் என்கிறார். கோயில் சோற்றில் ஒரு பங்கு, சடங்கில் ஓர் உரிமை, ஊர்வலத்தில் நிற்க ஓரிடம். புருஷன் வீட்டுச் சொத்து, மகன் ஆதரவு என்று எதையும் நம்பி இருக்க முடியாத ஒரு பெண் தன் கையில் இருந்ததைக் கோயிலில் போட்டு நாளைய சோற்றை உறுதி செய்துகொள்கிறாள். இதை வியாபாரம் என்று ஒதுக்கிவிட என்னால முடியல.

கொடுக்கப் பொன்னும் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? அதற்கும் கல்வெட்டு இருக்கு. 1201ஆம் ஆண்டு, மூன்றாம் குலோத்துங்கன் காலம், திருப்பாம்புரம். பஞ்சம். நெல் காசுக்கு மூன்று நாழி என்று விற்கிறது. ஒரு வெள்ளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். அவருக்கும் ஆயுள் முழுக்கச் சோறு கிடைத்திருக்கும்தான். ஒரே நிறுவனம், ஒரே சோறு. பணம் வைத்திருந்தவருக்கு அதன் பெயர் விழுக்காடு, இல்லாதவருக்கு அடிமைத்தனம். திருமலைக் கல்வெட்டுகளின் அதிரசப் பட்டியலில் மயங்கும்போதெல்லாம் திருப்பாம்புரத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கு.

நம்ம நாட்டுக்கு வருவோம். இலங்கையில் காணி உறுதி எழுதும்போது 'சீவிய உரித்து' என்று ஒன்று வைப்பார்கள். காணியைப் பிள்ளைக்கோ கோயிலுக்கோ இன்றே எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் சாகும்வரை அதில் இருக்கவும் அதன் பலனை எடுக்கவும் உரிமை கொடுத்தவருக்கே. ட்ரம்புல் செய்ததற்கு இங்கே கிட்ட வருவது இதுதான். கலவானை அடங்கிய சப்ரகமுவவில் வாழும் கண்டியச் சிங்களவருக்குத் தனிச் சட்டமும் உண்டு. 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, கொடுத்த நன்கொடையைக் கொடுத்தவர் பொதுவாகத் திரும்பப் பெறலாம், விகாரைக்குக் கொடுத்தது போன்ற சில வகைகளைத் தவிர. கொடுத்த பிறகு பிள்ளைகள் பார்க்காமல் விட்டால் என்ன செய்வது என்ற பயம் பழைய பயம் என்பது இந்தச் சட்டத்தைப் பார்த்தாலே விளங்கும்.

ஆனா இதெல்லாம் காணி வைத்திருப்பவர்களுக்கான சட்டம். எங்க லயத்துக் காம்பராவுக்குச் சீவிய உரித்து எழுத முடியாது, ஏனென்றால் எழுதிக் கொடுக்க அது எங்களுடையதாக இருந்ததே இல்லை. தோட்டத்துல வேலை செஞ்சவங்களுக்கு ஒரே முதல், வேலையை விட்டு நிற்கும்போது வரும் மொத்தத் தொகைதான். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேமலாப நிதி, தொழிலாளியிடம் 8 வீதம், கம்பெனியிடம் 12 வீதம். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பணிக்கொடை, நாட்சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். பெண்களுக்கு 50 வயதில் சேமலாப நிதி கைக்கு வருது. அதுக்குப் பிறகு மாசாமாசம் வரும் காசு என்று ஒன்றும் கிடையாது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவருக்குப் பென்ஷன். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவருக்கு ஒரே ஒரு காசோலை. அது வந்த நாள்ல இருந்து மகளின் கல்யாணம், மகனின் திரீவீலர், கடைக்கடன், கோயில் மணி என்று போய்விடும்.

கோயிலுக்குக் கொடுப்பதிலும் நாங்க சளைத்தவங்க இல்ல. மாதச் சம்பளத்தில் கோயில் சந்தா பிடிப்பாங்க, திருவிழாவுக்குத் தனி வரி. எத்தனை வருடமாக எத்தனை குடும்பம் கொடுத்திருக்கும் என்று கணக்குப் போட்டால் சின்ன ஏரி ஒன்று வெட்டியிருக்கலாம். அந்தப் பணம் கோபுரமாகவும் பெயின்ட்டாகவும் ஒலிபெருக்கியாகவும் ஆகிறது. விளைகிற முதலாக ஒரு ரூபா கூட மாறுவதில்லை. கோயில் கமிட்டியைக் குறை சொல்ல இதை எழுதல. திருமலை ஸ்தானத்தாரிடம் முதல் போடக் கிராமங்கள் இருந்தன. எங்க கமிட்டிக்குக் கோயில் நிற்கிற நிலம்கூடத் தோட்டத்துடையது.

போன லீவுக்கு வீட்டுக்குப் போனபோது இந்த விட்டவன் விழுக்காடு கதையை அப்பாயிக்குச் சொன்னேன். மணியைக் கொடுத்ததுக்குப் பதிலாக ஏதாவது பங்கு கேட்டிருக்கலாமே என்று கேலியாகத்தான் ஆரம்பித்தேன். அவர் கேலியாக எடுத்துக்கல. வெத்தலையை மடிச்சுக்கிட்டே கேட்டார்:

"மலை மேல இருக்க கோயிலு. தெனம் யாரு போயி அந்தச் சோத்த வாங்கிட்டு வர்றது?"

போகத் தேவையில்லை அப்பாயி, அங்கேயே வித்துடலாம், வாங்குறதுக்கு ஆள் இருந்தாங்க என்றேன்.

கொஞ்ச நேரம் யோசிச்சார்.

"வித்தா எவ்வளவு குடுத்தாங்களாம்?"