கதை எழுதி என்ன ஆகும்?

ராயபுரம் கடற்கரையில் மாலை வேளைகளில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர் உண்டு. துறைமுகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். நாவல் என்றாலே அவருக்கு ஏளனம். "கதை எழுதி உலகத்தில் என்னய்யா மாறிவிட்டது?" என்றார் ஒரு நாள்.

நான் அமெரிக்காவைச் சொன்னேன். 1836-ல் ரிச்சர்டு ஹில்ட்ரெத் என்பவர், ஓர் அடிமையே எழுதிய சுயசரிதைபோல ஒரு நாவலை, தம் பெயரைப் போடாமல் வெளியிட்டார். பெரும் புயலைக் கிளப்பியது அதற்குப் பின் வந்த கதைதான். தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுத்தாக வேண்டும் என்று 1850-ல் சட்டம் இறுகியது. மனம் பொறாத ஹாரியட் பீச்சர் ஸ்டோ என்ற அம்மாள், பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினார். 1852-ல் அது 'டாம் மாமாவின் குடிசை' என்று புத்தகமாயிற்று. ஓராண்டில் அமெரிக்காவில் மட்டும் மூன்று லட்சம் பிரதிகள் விற்றன. "அத்தனையும் பொய்" என்றார்கள் அடிமைகளை வைத்திருந்தவர்கள். மறு வருஷமே ஆதாரங்களைத் திரட்டி இன்னொரு புத்தகம் போட்டார் அந்த அம்மாள்.

அடிமைத்தனம் ஒழிந்தது 1865-ல். அதுவும் பெரிய யுத்தம் நடந்த பிறகு. ஆனால் விலைக்குப் போகிறவனும் பிள்ளைகளைப் பிரிந்து தவிக்கிற தகப்பன்தான் என்று, வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து படித்தவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள்.

நண்பர் கடலைப் பார்த்தார். "நம் கரையிலிருந்து போனவர்களுக்கு யார் எழுதினார்கள்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல், 342 பேரோடு நெட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் புறப்பட்டது. அப்போது இங்கே துறைமுகம் கட்டப்படவில்லை. மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலேற வேண்டும். பதிவேட்டில் எண், பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் உண்டு; அவர்கள் பட்ட பாடு இல்லை. அடிமைகள் அல்ல, ஒப்பந்தக் கூலிகள் என்றது சட்டம்.

பிஜித் தீவுப் பெண்களுக்காகப் பாரதி பாடினார். 1917-ல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் அனுப்புவது நின்றது. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பியது 1935-ல். தோட்டத்து டாக்டர் பி. எச். டானியல் 'ரெட் டீ' நாவலை எழுதியது 1969-ல், ஆங்கிலத்தில். அது 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வர 2007 ஆயிற்று. 'ட்ரூரோ'வில் ஏறியவர்களின் கண்ணீர் காய்ந்து எத்தனை தலைமுறை!

திரும்பும்போது எண்ணூர்ச் சாலையில் தகரக் கொட்டகை வாசலில், வேலை முடிந்து வந்த வடநாட்டுப் பையன்கள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் பார்க்கிறேன், ஒருவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

கதை எழுதி என்ன ஆகும் என்று நண்பர் இப்போது கேட்பதில்லை. "எப்போது எழுதப் போகிறீர்?" என்றுதான் கேட்கிறார்.