அச்சத்தின் அளவும் ஆபத்தின் அளவும்

2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சான் டியேகோ அருகே வேகம் கட்டுக்கடங்காமல் பாய்ந்த, டொயோட்டா நிறுவனத்தின் லெக்ஸஸ் காரில் நால்வர் இறந்தனர். உதவி கேட்டு உள்ளிருந்து ஒருவர் பேசிய தொலைபேசிப் பதிவு தொலைக்காட்சிகளில் ஒலித்தது. டொயோட்டா கார்கள் தாமாகவே பாய்கின்றன என்ற கிலி அமெரிக்கா முழுக்கப் பரவியது. 2010 பிப்ரவரியில் நிறுவனத் தலைவர் அகியோ டொயோடா நாடாளுமன்றக் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார்.

அதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே கோபால்ட் போன்ற கார்களிலும் ஒரு குறை இருந்தது. இக்னிஷன் சுவிட்சின் பிடிமானம் போதவில்லை. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ முழங்கால் பட்டாலோ சாவி திரும்பி, ஓடும் காரின் இன்ஜின் அணைந்துவிடும். அதன்பின் மோதினால் ஏர்பேக் விரியாது. நிறுவனப் பொறியாளர்கள் பல ஆண்டுகளாக இதை அறிந்திருந்தும், கார்கள் திரும்பப் பெறப்பட்டது 2014இல்தான். அதுவரை நாடு அஞ்சவே இல்லை.

ஆய்வில் தெரிந்தது என்ன? டொயோட்டாவில் இரண்டு குறைகள் உறுதியாயின: ஆக்சிலரேட்டரில் சிக்கிக்கொள்ளும் ரப்பர் மேட், மிதித்தால் மேலெழத் தயங்கும் பெடல். மக்கள் பெரிதும் அஞ்சிய மின்னணுக் கோளாறைப் பத்து மாதம் தேடிய நாசா பொறியாளர்கள் அதற்குச் சான்று காணவில்லை. 2013இல் ஓக்லஹோமா நடுவர் குழு ஒரு வழக்கில் மென்பொருளைக் குற்றம் சொன்னதால் விவாதம் முற்றும் ஓயவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் இழப்பீட்டு நிதியோ, சுவிட்ச் குறையோடு தொடர்புடையவை என 124 மரணங்களை ஏற்றது.

ஒன்றுக்கு ஏன் அத்தனை கூச்சல், மற்றொன்றுக்கு ஏன் அத்தனை மௌனம்? தறிகெட்டு ஓடும் கார் மனக்கண்ணில் உடனே தெரிகிறது. இன்ஜின் அணைந்து மரத்தில் மோதிய காரைப் பார்ப்பவருக்கோ வேகம், மது, சீட் பெல்ட் அணியாமை ஆகியவையே காரணங்களாகத் தோன்றும்.

அமெரிக்க அரசின் விபத்து ஆய்வொன்று, விபத்துக்கு முந்தைய கடைசிக் காரணம் 94 சதவீதம் ஓட்டுநர் பக்கமும் 2 சதவீதம் வாகனத்தின் பக்கமும் இருந்ததாகக் கணித்தது. 2010இல் அந்நாட்டுச் சாலைகளில் சுமார் 33,000 பேர் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மது அருந்திய ஓட்டுநர் தொடர்புடைய விபத்துகளில் இறந்தவர்கள். வாகனக் குறையைவிட வேகத்துக்கும் மதுவுக்கும் நாம் அதிகம் அஞ்ச வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓட்டுநர் மீது பழி எளிதில் விழுவதால்தான் கோபால்டின் குறை மறைந்து கிடந்தது என்பதையும் மறக்கலாகாது.

அச்சத்தை அளவோடு வைப்பது என்றால் புகாரை அலட்சியம் செய்வதல்ல. எந்தப் பாகம், எத்தனை கார்கள், சிதைந்த வண்டி சொல்லும் சான்று என்ன என்று, பரபரப்பான புகாரிடமும் யாரும் கவனிக்காத புகாரிடமும் ஒரே கண்டிப்போடு கேட்பது. உண்மையை மறைத்ததற்காக டொயோட்டா 120 கோடி டாலரும் ஜெனரல் மோட்டார்ஸ் 90 கோடி டாலரும் செலுத்தின. நிறுவனங்கள் தாமே முன்வந்து குறையைச் சொன்னால் மக்கள் வதந்தியை நம்ப வேண்டியிராது. நம் பங்கும் உண்டு: திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் பழுதுபார்க்க வேண்டும், ஆக்சிலரேட்டர் சிக்கினால் பிரேக்கை விடாமல் அழுத்தி, கியரை நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும், எந்தக் காரானாலும் சீட் பெல்ட் அணிய வேண்டும்.