‘பொய்கொட்’ என்னும் வினைச்சொல்: தோற்றமும் பொருள் விரிவும்

ஆட்பெயர் வினையாவது ஆங்கிலத்திற் புதுமையன்று. ஆயினும் ‘பொய்கொட்’ என்னும் வினையின் பிறப்பை நிலவுடைமைக்கெதிரான ஒரு போராட்டத்தின் வரலாறாகவே நோக்க வேண்டியுள்ளது.

அயர்லாந்தின் மேற்கே, மேயோ மாவட்டத்தில், ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராயிருந்தவர் சார்ள்ஸ் கனிங்ஹாம் பொய்கொட். 1880இல், விளைவு குன்றியமையாற் குத்தகையில் நூற்றுக்கு 25 வீதத்தைக் குறைக்குமாறு குடியானவர் கோரினர். பிரபு 10 வீதத்துக்கே இசைந்தார். செப்டெம்பர் 19இல் எனிஸ் நகரிற் பேசிய பார்னல், வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை ஏற்பவனைக் கொல்ல வேண்டியதில்லை, தெருவிலும் கடையிலும் தேவாலயத்திலும் அவனை விலக்கிவைத்தலே போதும் என்றார். சில நாட்களிலேயே குடியானவருக்கு வெளியேற்ற அறிவித்தல்களை வழங்க முற்பட்ட பொய்கொட்டின்மீது இவ்வுபாயம் பிரயோகிக்கப்பட்டது. பண்ணையாட்கள் நீங்கினர், கொல்லர் வேலைசெய்ய மறுத்தார், துணி வெளுப்பவரும் தபால் கொணர்பவரும் வருகையை நிறுத்தினர். நவெம்பரில் அல்ஸ்ரர் பகுதியிலிருந்து 50 பேர் வந்து அறுவடை செய்தனர். அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ 1,000 படையினரும் பொலிசாரும் நின்றனர். 500 பவுண் பெறுமதியான விளைவைக் காக்க 10,000 பவுண் செலவாயிற்று என அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. டிசெம்பர் முதலாந் திகதி பொய்கொட் அயர்லாந்தை விட்டகன்றார்.

இச்சொல்லை ஆக்கியவர் ஜோன் ஓமலி என்னும் பங்குக்குரு என அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதியுள்ளார். விலக்கிவைத்தலைக் குறிக்க ஆங்கிலத்தில் ஏலவே ‘ஒஸ்ரசைஸ்’ என்ற சொல் இருந்தது. பண்டைய ஏதென்சில் ஓட்டுத்துண்டிற் பெயர் கீறி ஒருவரை நாடுகடத்திய வழக்கத்தினின்று வந்த சொல் அது. குடியானவருக்கு அது விளங்காதெனக் கருதிய குரு, அவர்கள் நாளும் வெறுத்த பெயரையே வினையாக்கினார். கற்றோர் சொல் கைவிடப்பட்டு, உழுவோர் வாய்க்கு இசைந்த சொல் நிலைபெற்றமை மனங்கொள்ளத்தக்கது. ஆயினும் ஒதுக்கப்பட்டவரின் பெயரே அகராதியேறிற்று. ஒதுக்கியோரின் பெயர்களைத் தேடித்தான் அறிய வேண்டும்.

அவ்வாண்டு முடியுமுன்னரே பத்திரிகைகளிற் புகுந்த அச்சொல் பிரெஞ்சு, ஜேர்மன், ருஷ்ய மொழிகளிலும் பரவியது. தொடக்கத்தில் ஆளைச் செயப்படுபொருளாகக் கொண்ட வினை, பின்னர் பண்டத்தையும் தேர்தலையும் கொள்வதாயிற்று. பிரித்தானியப் பொருள்களுக்கெதிராக 1905இல் வங்காளத்தில் எழுந்த இயக்கம் இதற்குச் சான்று.

தமிழில் இதற்கீடாக வழங்கும் ‘பகிஷ்கரித்தல்’ வடமொழி வழி வந்தது. வெளியே நிறுத்துதல் என்பது அதன் சொற்பொருள்; சாதியினின்று தள்ளிவைத்தலையும் அது குறித்தது. அம்பேத்கர் 1924இல் நிறுவிய சபையின் பெயரிலுள்ள ‘பஹிஷ்க்ருத’ என்ற அடை ஒதுக்கப்பட்ட மக்களையே சுட்டிற்று. வலியோர் எளியோரைத் தள்ளிவைத்த செயலுக்குரிய சொல், எளியோர் வலியோரிடமிருந்து தம் உழைப்பை மீட்டுக்கொள்ளும் செயலுக்கும் பெயராயிற்று. இம்முரண் ஈழத்து வரலாற்றிலும் உண்டு. டொனமூர் யாப்பு பூரண சுயராச்சியம் தராமையைக் கண்டித்து, 1931இல் அரசாங்க சபைத் தேர்தலை விலக்குமாறு கோரிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமையை எதிர்த்த இயக்கமுமாகும். வட மாகாணத்தின் 4 தொகுதிகளில் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. 1934 வரை அவ்வாசனங்கள் வெறுமையாயிருந்தன. அந்நிகழ்வுக்கு நாம் வழங்கும் பெயர் ‘பகிஷ்கரிப்பு’ என்பதே.

‘புறக்கணிப்பு’ என்னும் சொல்லே தமிழுக்கு ஏற்றது என்பாருளர். ஆயின் புறக்கணித்தலைத் தனியொருவரும் செய்தல் கூடும். மேயோவில் அக்கொல்லர் மட்டும் மறுத்திருப்பின், பொய்கொட் அடுத்த ஊர்க் கொல்லரை அழைத்திருப்பார்.