பேத்தமங்கலம் ஏரியும் வாணியம்பாடித் தூணும்

தங்கவயல் வரலாறு எழுதுகிறவர்கள் சுரங்கத்தின் ஆழத்தைத்தான் அளப்பார்கள். 3 கிலோமீட்டருக்கும் மேல் என்று பெருமையடித்துக் கொள்வதில் எனக்கும் பங்குண்டு. ஆனால் லைன் வீடுகளில் எங்கள் காதில் விழுந்த அளவு வேறு. "பேத்தமங்கலத்துல தண்ணி எவ்வளவு நிக்குது?" தெருக்குழாயில் தண்ணி வருமா வராதா என்பது அந்தப் பதிலில் இருந்தது.

நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாற்றின் குறுக்கே கரை போட்டது அந்த ஏரி. சுரங்கத்துக்காக வெள்ளைக்காரன் கட்டியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம், அது தப்பு. ஊரின் பழைய பெயர் விஜயாதித்தமங்கலம். நுளம்ப அரசர் காலத்தில், 10ஆம் நூற்றாண்டிலேயே, ஏரியைச் செப்பனிட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. ஜான் டெய்லர் கம்பெனி வந்தது 1880-இல்! ஏரி நீரைச் சுத்திகரித்துக் குழாயில் ஏற்றியதுதான் கம்பெனிக் காலத்து வேலை.

பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 ஓடுகிறது. 1892 பிப்ரவரி 18-இல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்ட உடன்படிக்கையில் பாலாறும் உண்டு. சென்னையின் முன் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய பாசன அணை கட்டக்கூடாது என்பது அதன் சாரம். தண்ணி குறைவதைப் பற்றிய கவலைதான் அதில் தெரிகிறது.

ஆனால் 11 ஆண்டு கழித்து வந்தது கூடுதல் தண்ணி. 1903 நவம்பர் பெருமழையில் மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்தன, பேத்தமங்கலமும் தப்பவில்லை. நவம்பர் 12 அன்று வெள்ளம் வாணியம்பாடிக்குள் புகுந்தது. சுமார் 200 பேர் மாண்டதாகச் சொல்வார்கள். அவர்கள் நினைவாக நிறுத்திய தூண் அந்த ஊரில் இருக்கிறது.

அந்தத் தூணைப் பற்றி எனக்கு வெகுநாள் தெரியாது. நம் குடும்பங்களில் பாதி அந்த வட ஆற்காட்டுச் சீமையிலிருந்து வந்தவை. பெண் கொடுத்து எடுத்ததும் அங்கேதான். ஆம்பூர்க் கல்யாணப் பந்தியில், "எங்க ஆத்துத் தண்ணியை நீங்க குடிச்சுட்டீங்க" என்று கேலி செய்வார்கள். நாங்களும் சிரிப்போம். ஏரி மட்டம் எங்கள் குடத்துக் கணக்கு என்றுதான் நினைத்திருந்தோம். கரைக்குக் கீழே இருப்பவனுக்கு அது உயிர்க் கணக்கு என்று தோன்றவில்லை.

2001-இல் சுரங்கம் மூடியது. பிறகு மழையும் பொய்த்து, ஏரி வறண்டு கிடந்த வருஷங்கள் உண்டு; ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும்தான் கதி. 2021 நவம்பரில் ஏரி நிரம்பிக் கோடி போனது. வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியது வெள்ளம்.

அந்த வாரம் வாணியம்பாடி மாமா போன் செய்தார். "ஏம்பா, பேத்தமங்கலத்துல தண்ணி எவ்வளவு நிக்குது?"

வண்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.