ஆண் பல்லியா, பெண் பல்லியா? – ஒரு நீண்ட குழப்பத்தின் வரலாறு

பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் பலன் போட்டிருக்கிறார்கள். விழுந்த பல்லி ஆணா பெண்ணா என்று யாரும் கவலைப்பட்டதில்லை. சுவரில் ஓடும் பல்லிக்கு அந்தக் கேள்வி தேவையும் இல்லைதான். ஆனால் காசு கொடுத்துப் பல்லி வாங்கி, கண்ணாடித் தொட்டியில் வைத்துச் செல்லமாக வளர்க்கும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே கேள்வி பெரிய தலைவலி. விற்றவர், வாங்கியவர் இருவருமே ஏமாந்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்காமலேயே!

இந்தக் கதையின் நாயகன் (அல்லது நாயகி... அதுதானே பிரச்சினை!) லெப்பர்ட் கெக்கோ எனப்படும் சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள், கொழுத்த வால். நம் வீட்டுப் பல்லி போல இதற்குச் சுவர் ஏறத் தெரியாது. ஆனால் கண்ணிமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளைத், இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபின் உப்பு மலைத்தொடரிலிருந்து கிடைத்த மாதிரிகளை வைத்து 1854ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அங்கிருந்து அமெரிக்க வீடுகளின் படுக்கையறை வரை வந்துவிட்டது இந்தப் பல்லி. சாது, சுலபமாக வளரும், கூண்டிலேயே முட்டையும் இடும். ஒரு ஈட்டுக்கு வழக்கமாக இரண்டு முட்டை.

சரி, ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

இரண்டு குட்டிகளை "இரண்டும் பெண்" என்று நம்பி ஒருவர் வாங்கி ஒரே தொட்டியில் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில மாதம் எல்லாம் அமைதி. இரண்டும் ஆணாக இருந்தால், வயதுக்கு வந்ததும் கடித்துக் குதறிக்கொள்ளும். ஒன்று வாலை இழக்கும், சில சமயம் உயிரையே இழக்கும். ஒன்று ஆண், ஒன்று பெண் என்றால் வேறு விதமான சிக்கல். உடம்பு முழுதாக வளர்வதற்குள் அந்தப் பெண் முட்டை சுமக்க ஆரம்பித்துவிடும், அந்தச் சுமையை அதன் உடம்பு தாங்காது. வியாபாரக் கணக்கு வேறு இருக்கிறது. ஒரு ஆண் பல பெண்களுக்குப் போதும். ஆகவே இனப்பெருக்கம் செய்பவருக்கு வேண்டியது பெண் குட்டிகள். பத்தும் ஆணாகப் பொரித்தால் அவருக்கு அது தேங்கிப்போன சரக்கு.

பார்த்தே கண்டுபிடிக்கலாமே என்றால், வளர்ந்த பல்லியில் முடியும். வயிற்றுப்பக்கம் திருப்பினால், ஆணுக்கு எச்சத்துளைக்கு முன்னால் ஆங்கில 'வி' எழுத்து போல ஒரு வரிசை நுண்துளைகள் தெரியும், அவற்றிலிருந்து மெழுகு போன்ற பொருள் கசியும். எச்சத்துளைக்குப் பின்னால், வாலின் அடியில், இரண்டு புடைப்புகள் இருக்கும். (பல்லிக்கும் பாம்புக்கும் ஆணுறுப்பு ஜோடியாக இருக்கும், உள்ளே மடங்கிக் கிடக்கும்.) பெண்ணுக்கும் அதே இடத்தில் லேசான குழிகள் உண்டு, குழப்பத்துக்குக் காரணமே இதுதான். முட்டையிலிருந்து வந்த குட்டியோ எட்டு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அதில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. நிச்சயமாகச் சொல்ல மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் குட்டிகள் விற்பனைக்குப் போவதே அந்த மாதங்களில்தான்! பாம்புக்குச் செய்வது போலக் கம்பி நுழைத்துப் பார்த்தவர்களும் உண்டு. இத்தனை சிறிய உயிருக்கு அது சோதனை இல்லை, காயம்.

விடை வந்தது வேறு ஒரு திசையிலிருந்து, அதுவும் ரொம்ப மெதுவாக.

1905ல் நெட்டி ஸ்டீவன்ஸ் ஒரு வண்டினத்தில் ஆண், பெண் வேறுபாட்டைக் குரோமோசோமோடு இணைத்துக் காட்டினார். அதே சமயத்தில் எட்மண்ட் வில்சனும் அதே முடிவுக்கு வந்தார். அதன் பிறகு 'எக்ஸ், ஒய்' என்பது பள்ளிப் பாடமே ஆகிவிட்டது. கருவான கணத்திலேயே எல்லாம் முடிவாகிவிடும் என்று உலகம் நம்பியது. 1966ல் செனகல் நாட்டின் டக்காரில் மாடலின் ஷார்னியே என்ற பெண் ஆய்வாளர், அகாமா என்ற ஓணானின் முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்துப் பார்த்தார். 26-27 டிகிரி செல்சியஸில் கிட்டத்தட்ட எல்லாமே பெண். 29 டிகிரியில் ஆண். வெறும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம்! அவர் அதைப் பிரெஞ்சு மொழியில் சிறு குறிப்பாக வெளியிட்டார், பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. எக்ஸ்-ஒய் கதையில் இதற்கு இடம் இல்லையே! பிறகு பிரான்சில் க்ளோத் பியோ ஆமைகளில் இதையே கண்டார். 1979ல் ஜேம்ஸ் புல்லும் ரிச்சர்ட் வோக்ட்டும் 'சயின்ஸ்' இதழில் ஆமைகளைப் பற்றி எழுதிய பிறகுதான் இந்த விஷயம் பரவலாகப் பேசப்பட்டது. 1980ல் எர்னி வாக்னர் சிறுத்தைப் பல்லியும் இதே ரகம் என்று அறிவித்தார். அவர் சியாட்டில் நகரின் உட்லேண்ட் பார்க் உயிரியல் பூங்காவில் இந்தப் பல்லிகளை இனப்பெருக்கம் செய்துவந்தவர்.

பல்லி வளர்ப்பவர்களுக்கு இது லாட்டரி அடித்த மாதிரி. இனிமேல் குட்டியைப் புரட்டிப் பார்க்க வேண்டாம், இன்குபேட்டரின் முள்ளைப் பார்த்தால் போதும். குறைந்த வெப்பத்தில் பெண், கூடினால் ஆண். எந்தச் சரக்கு வேண்டுமோ அதற்கேற்ப முள்ளைத் திருப்பினால் ஆயிற்று. 'வெப்பநிலை மூலம் பெண்' என்ற அடைமொழியோடு குட்டிகளை விற்கும் பழக்கம் இப்படித்தான் வந்தது. குட்டியின் உடலை யாரும் பார்த்துச் சொன்ன தகவல் அல்ல அது. தயாரித்த இயந்திரத்தைப் பார்த்துவிட்டுப் பொருளுக்கு ஒட்டிய லேபிள்.

ஆனால் அந்த விதி பாதிதான் உண்மை.

1988ல் வில்லியம் கட்ஸ்கியும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் க்ரூஸும் 'நேச்சர்' இதழில் ஒரு விசித்திரத்தை எழுதினார்கள். ஆண்கள் அதிகம் பொரிக்கும் 32 டிகிரியிலும் சில பெண்கள் வரும். அவை ஆண்கள் போலவே நடந்துகொண்டன, அணைய வந்த ஆண்களைத் தாக்கின. அவற்றின் ஹார்மோன் அளவும் மற்றப் பெண்களிலிருந்து மாறுபட்டது. அதாவது குணத்தை வைத்து ஆண் என்று முடிவு கட்டுபவரும் தோற்பார். 1993ல் க்ரூஸும் மற்ற ஆய்வாளர்களும் சேர்ந்து அடுத்த குண்டைப் போட்டார்கள். 26 டிகிரியில் எல்லாம் பெண். 30ல் சுமார் கால் பங்கு ஆண். 32.5ல் சுமார் முக்கால் பங்கு ஆண். 34ஐத் தொட்டால்... மறுபடியும் பெண்! வெப்பம் கூடக் கூட ஆண் என்று நம்பிச் சூட்டை ஏற்றியவருக்குக் கிடைத்தது நேர் எதிர். 1980க்கும் 1993க்கும் இடையே எத்தனை லேபிள்கள் தப்பாக ஒட்டப்பட்டிருக்கும்!

கவனியுங்கள், நூற்றுக்கு நூறு ஆண் தரும் வெப்பநிலையை அந்த ஆய்வு காட்டவில்லை. போதாக்குறைக்கு ஒரே வெப்பத்தில் வைத்தாலும் தாய்க்குத் தாய் விகிதம் மாறுகிறது. மலிவான வெப்பமானி ஓரிரு டிகிரி பிசகுவது சகஜம், இங்கே ஓரிரு டிகிரிதான் எல்லாமே. அடைகாப்பின் குறிப்பிட்ட ஒரு கட்டத்து வெப்பம்தான் முடிவு செய்கிறது என்பதால், அதற்குப் பிறகு சரியாக வைத்தும் பயனில்லை.

இன்னொரு தவறும் நடந்தது. சிறுத்தைப் பல்லிக்குப் பொருந்தியது எல்லாப் பல்லிக்கும் பொருந்தும் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். பொருந்தவில்லை. பல இனங்களில் குரோமோசோம்தான் எஜமான், அதிலும் சிலவற்றில் ஆணின் குரோமோசோம், சிலவற்றில் பெண்ணுடையது. டோனி கேம்பிளும் சக ஆய்வாளர்களும் 2015ல் கணக்கிட்டபோது, கெக்கோ குடும்பங்களுக்குள் இந்த முறை 17 முதல் 25 தடவை மாறியிருப்பதாக வந்தது. பசிபிக் தீவுகளில் பரவலாக வாழும் லெபிடோடாக்டிலஸ் லுகுப்ரிஸ் என்ற குட்டிப் பல்லியின் கதை இன்னும் வேடிக்கை. அதில் ஆண் தேவையே இல்லை, பெண்களே முட்டையிட்டுப் பெண்களையே பெறுகின்றன என்று 1972ல் எழுதினார்கள். இதை விற்கும் கடைக்காரருக்கு மட்டும் நிம்மதி.

சிறுத்தைப் பல்லி வளர்ப்பவர்கள் இன்று இரண்டையும் கலந்து செய்கிறார்கள். அடைகாத்த வெப்பநிலையைக் குறித்து வைத்து, அதை ஒரு ஊகமாக மட்டும் வாங்குபவரிடம் சொல்கிறார்கள். வாங்குபவர் குட்டிகளைத் தனித்தனித் தொட்டியில் வளர்க்கிறார். சில மாதம் கழித்து, கண்ணாடி டப்பாவில் விட்டு, கீழிருந்து பூதக்கண்ணாடி வழியாக அந்த 'வி' வரிசையைத் தேடுகிறார். வெப்பமானி சொன்னதற்கு மாறாகத் துளைகள் தெரிந்தால், பல்லியின் பெயரை மாற்றிவிடுகிறார் :-)