போட் மெயில் போன வழியில் ஒரு ஹாக்கி ஊர்

ஒரு காலத்தில் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்கள் கோவில்பட்டியைத் தாண்டித்தான் போனார்கள். மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை 1876-ல் திறக்கப்பட்டது. போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் தூத்துக்குடியில் இறங்கிக் கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகே அந்தக் கூட்டம் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பியது.

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் சனங்களும் அந்தக் கப்பலில் போனார்கள். மழை பொய்த்த வருஷங்களில் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, இலங்கைத் தோட்டங்களுக்குக் கடனோடு கிளம்பினார்கள். பருத்தியும் கம்பும் வானத்தை நம்பி விளைகிற பூமியில் கடல் கடப்பது வயிற்றுப்பாட்டுக்கான பயணம். விளையாட்டுப் பார்க்க வெளிநாடு போவது அந்த வாழ்க்கையின் கணக்கிலேயே வராத செலவு.

அப்படிப் போனவர்களும் இந்தியாவில் உண்டு. கொல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பன்னாலால் சட்டர்ஜியும் அவர் மனைவி சைதாலியும் 1982 ஸ்பெயின் முதல் 2018 ரஷ்யா வரை 10 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகளை நேரில் பார்த்தார்கள். மிச்சம் பிடித்து நான்கு வருஷத்துக்கு ஒருமுறை விமானம் ஏறிய அந்தத் தம்பதி கைதட்டியது பிரேசிலுக்கு. வேறு வழியில்லை. 1950 உலகக் கோப்பைக்கு வாய்ப்புக் கிடைத்தும் இந்தியா பிரேசில் போகவில்லை. அதன்பின் எந்த உலகக் கோப்பையிலும் ஆடியதில்லை.

ஹாக்கி ரசிகனுக்கு அந்தக் குறை இல்லை. 1975-ல் கோலாலம்பூரில் அஜித்பால் சிங் தலைமையில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த அணியில் தமிழ்நாட்டின் வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார். அதற்கு முந்தைய அரையிறுதி இன்னும் சுவையானது. எதிரே நின்ற மலேசிய அணியில் ஸ்ரீ சண்முகநாதன், பாலசிங்கம் என்று தமிழ்ப் பெயர்கள். இந்தியா தோல்வியின் விளிம்புக்குப் போய், அஸ்லம் ஷேர் கானின் கோலால் மீண்டு, கூடுதல் நேரத்தில் 3-2 என ஜெயித்தது.

தேசிய அணியின் பின்னால் கோலாலம்பூருக்குப் போக முடியாத ஊர், ஆட்டத்தைத் தன் வாசலுக்கு வரவழைத்துக்கொண்டது. கோவில்பட்டியை ‘ஹாக்கிப்பட்டி’ என்று சொல்வது சும்மா இல்லை. கே.ஆர். கல்வி நிறுவனங்கள் நடத்தும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு ரயில்வே, வங்கி, எண்ணெய் நிறுவனம், ராணுவம் என்று நாடெங்குமிருந்து அணிகள் வருகின்றன. தொலைக்காட்சியில் பார்த்த இந்திய வீரர்களையே கிருஷ்ணா நகர் செயற்கை இழை மைதானத்தில், கூப்பிடு தூரத்தில் பார்க்கலாம். போட்டி நடப்பது கோடையில். மானாவாரிக் காட்டில் தை, மாசியோடு அறுவடை முடிந்து, அடுத்த மழை வரை நிலம் வெடித்துக் கிடக்கும் மாதங்கள் அவை. வெயில் தாழ்ந்து விளக்கொளியில் ஆட்டம் தொடங்கும்போது சம்சாரிக்கும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடித்தவருக்கும் வந்து உட்கார நேரம் இருக்கும். ஊரின் உழைப்புக்கு இவ்வளவு பொருந்திய ஒரு விளையாட்டுத் திருவிழா தமிழ்நாட்டில் அரிது.

பார்த்துக்கொண்டிருந்த ஊர் பிறகு ஆளும் அனுப்பியது. 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஆண்கள் ஹாக்கி சாம்பியன்ஷிப் கோவில்பட்டியில் நடந்தது. அதே நாட்களில் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்திய அணியில் கோவில்பட்டிக்காரர் மாரீஸ்வரன் சக்திவேல். கூடவே, அரியலூரில் பிறந்து கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வம். மே 23 அன்று பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கார்த்தி கோல் அடித்தார்; ஆட்டம் 1-1 என முடிந்தது. கடைசியில் இந்தியாவுக்கு வெண்கலம். கடன் சீட்டோடு கடல் தாண்டிய பூமியிலிருந்து ஒருவர் நாட்டின் சட்டை போட்டுக்கொண்டு கடல் தாண்டினார். இந்த வட்டாரத்தின் பயண வரலாற்றில் இதைப் பெரிய திருப்பம் என்றே சொல்ல வேண்டும்.

பிறகு தேசிய அணியே பக்கத்தில் வந்தது. 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை: அரையிறுதியில் ஜப்பானை 5-0 என வென்றபோது ஒரு கோல் கார்த்தியுடையது. இறுதியில் மலேசியாவை 4-3 என வீழ்த்திக் கோப்பை. ஆனாலும் கோவில்பட்டிக்காரருக்குச் சென்னை ஒரு ராத்திரி ரயில் பயணம். 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பை 24 அணிகளோடு சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. ஓமனை 17-0 என்றும் சுவிட்சர்லாந்தை 5-0 என்றும் இந்தியா வென்ற ஆட்டங்கள் மதுரையில். கோவில்பட்டியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். கார்த்திகை மாதம், காட்டில் களையெடுப்பு மும்முரம். காலையில் வேலையைப் பார்த்துவிட்டு மத்தியானம் பஸ் ஏறினால் ஆட்டத்துக்குப் போய்விடலாம்.